ஊர் வந்து சேராத பஸ்

கல்யாணமாகி வந்த நாள்முதல் விசாலாக்ஷி ஒரே வீட்டில்தான் இருந்தாள். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் உள்ள தெரு. நாலு குடித்தனங்கள் இருந்த வீட்டில் அவர்களுடையது உள்கட்டு. குழந்தை இல்லை. மற்ற மூன்று குடித்தனங்களில் பிறந்ததும் வளர்ந்ததும் அவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தமாகவே கேட்டது. கணவர் சுந்தரராமன் சேப்பாக்கம் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவர். ஏரி, ஓடை, கோயில், சுடுகாடு என்று ஜில்லா ஜில்லாவாக மெல்லிய பேனாவால் கோடு போட்டே தலை நரைத்தவர். வரைந்த ஊர்களில் ஒன்றையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்துக்கு அப்பால் ரயில் ஏறியதில்லை.

1934இல் பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். சில வாரங்கள் குளக்கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு நாள் சாயங்காலம் காலை அலம்பிக்கொண்டே சொன்னார்:

"விசாலம், ஒரு பஸ் வாங்கியிருக்கேன்."

"பஸ்ஸா? சர்வீஸ் நடத்தப் போறேளா இந்த வயசுல?"

"சர்வீஸ் இல்லை. நாம குடியிருக்கறதுக்கு."

அவர் விளையாட்டுப் பேச்சுப் பேசுகிறவர் அல்ல.

ராயப்பேட்டையில் இனாயத் என்கிற மெக்கானிக்கின் கொட்டகையில் அந்த வண்டி நின்றது. பழைய பிரைவேட் பஸ். பச்சை வர்ணம் இன்னும் காயவில்லை. உள்ளே இருந்த ஆசனங்களில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றியிருந்தார்கள். முன்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு நீளப் பலகை பெஞ்சுகள். அவைதான் படுக்கை. நடுவே குறுகலான நடைவழி. பின்பக்கம் துணித்திரைக்கு அப்பால் சமையல்: குமுட்டி அடுப்பு, பாத்திரங்கள் சரியாமலிருக்க வட்டவட்டமாகத் துளை போட்ட பலகை, மூடி போட்ட தவலை. பின்வாசலை ஒட்டி ஒரு சின்ன பெஞ்சு.

இனாயத்தான் சுந்தரராமனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அடையாற்றுப் பக்கம் ஆளில்லாத ரஸ்தாக்களில் காலை வேளைகளில் அழைத்துப் போனான். எல்லாம் முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போது, "சாமி, ஹாரன மட்டும் மாத்திக் குட்த்துடறேன்" என்றான்.

"ஏன், நன்னாத்தானே கத்தறது?"

"வேற நல்லது கீது சாமி."

"வேண்டாம்ப்பா, இருக்கட்டும்."

இனாயத் விசாலாக்ஷியின் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போயிருந்த அவளுடைய வக்கீல் அண்ணா, "நரிக்குறவா மாதிரி ஊர் ஊரா அலையப் போறேளா?" என்று கேட்டார். மன்னி, தீட்டு நாட்களில் என்ன செய்வாய், மடிப் புடவையை எங்கே உலர்த்துவாய் என்று துருவினாள். விசாலாக்ஷி உள்கட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் முருகன் படத்தோடும் பஸ் ஏறினாள்.

முதல் மாதங்கள் சந்தோஷமாகத்தான் போயின. திருவண்ணாமலை, சிதம்பரம், கும்பகோணம். எந்தக் குளத்தங்கரையில் நிழல் இருக்கிறதோ அங்கே நின்றார்கள். சுந்தரராமன் ஒவ்வொரு ஊரிலும் தெருத்தெருவாக நடந்து, தான் போட்ட கோடுகள் சரிதானா என்று பார்த்துவிட்டு வந்தார். வாய் ஓயாமல் பேசினார். இருபது வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்தச் சில மாதங்களில் பேசினார்.

அவள் முதலில் கவனித்தது தன் உடம்பைத்தான். திருக்கோவிலூரில் ஒரு நாள் குடத்தோடு நடைவழியில் போகும்போது, எதிரே வருகிறவருக்கு வழி விடுவதுபோல் ஒருக்களித்து நின்றாள். கல்யாணக் கூட்டத்தில் செய்வது போன்ற காரியம். நின்ற பிறகுதான் வண்டியில் ஒருவரும் இல்லை என்று உறைத்தது. மறுநாளும் அப்படியே செய்தாள். பிறகு தினமும். எதனால் ஒதுங்குகிறோம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒதுங்காமல் நேராக நடந்தால், யாரையோ இடித்துவிட்டாற்போல் மனசு கூசியது.

இடதுபக்கப் பெஞ்சில் ஜன்னலோரமாக ஒரு சாண் இடம் எப்போதும் ஈரமாக இருந்தது. திருச்சியில் அக்கினி நட்சத்திரத்தின்போது ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தாள். பலகை கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டியது. ஏரிப் பாசி வாசனை வந்தது.

"இதைப் பாருங்களேன். இந்த வெயில்ல எங்கேருந்து ஈரம்?"

"மரம் ஈரம் இழுக்கும். இடம் மாத்திப் படுத்துக்கோ" என்றார் அவர், பெஞ்சைப் பார்க்காமலே.

அதற்குள் அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் தலைக்கு மேலே பின்பக்கம் தெரிவதற்காக ஒரு கண்ணாடி இருந்தது. அதைக் கூரையைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்.

"பின்னால வர வண்டி தெரிய வேண்டாமா?"

"வரவன் ஹாரன் அடிப்பான்."

மறு வருஷம் பங்குனியில், கபாலீசுவரர் உற்சவத்துக்காகச் சென்னைக்குத் திரும்பினார்கள். மயிலாப்பூரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல், சாந்தோமுக்குத் தெற்கே, மணல் தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வழியில் படுத்திருந்த ஆடுகளை எழுப்ப சுந்தரராமன் ஹாரனை இரண்டு முறை அழுத்தினார். தொண்டை கட்டியவன் கூப்பிடுவதுபோல் அது கத்தும். பிறகு அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

விசாலாக்ஷி திரையை விலக்கிவிட்டு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மீனவர் குப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் ஓடிவந்து, கொஞ்ச தூரத்தில் அப்படியே நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் பாதி சுரண்டிய மீன் இருந்தது. யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் நடுவயதுக்காரி ஒருத்தி மட்டும் வந்தாள். அவள் பெயர் பச்சையம்மா என்பது பின்னால் தெரிந்தது.

"இது கயுக்குன்றத்து வண்டிதானேம்மா?"

"இல்லையே. திருக்கழுக்குன்றம் போற வண்டி இல்லை இது, எங்காத்து வண்டி. என்ன வேணும் உனக்கு?"

"பச்ச பெயிண்டு அட்ச்சிக்கீறீங்க. ஆனா கொரலு அதான். தெனம் காலைல இந்தக் கொரலு கேட்டுத்தான் எங்க ஜனம் மார்க்கெட்டுக்குக் கெளம்பும். ரெண்டு வருசமா கேக்கல. இப்போ கேட்டதும் ஒடம்பு ஆடிப்பூட்ச்சி. அதான் அல்லாரும் ஓடியாந்துட்டோம்."

"என்ன சொல்றே நீ?"

பச்சையம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனுக்குத் தெரியாதா? கார்த்திகை சோமவாரம், சங்காபிசேகம் பாத்துட்டு வர்ற சொல்ல, மயைல ஏரிக்குள்ள வுயுந்திச்சே. ஏயு பேரு. எம் பொண்ணு முத்தம்மா இதுலதான் போனா. பதினாறு வயசும்மா அதுக்கு."

விசாலாக்ஷியின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது.

"அது எப்பவும் எடது பக்கம் ஜன்னலோரந்தான் குந்தும். ஒருதபா அந்த எடத்தத் தொட்டுட்டுப் போறேம்மா. ஏறட்டுமா?"

விசாலாக்ஷி குளித்து மடி உடுத்தியிருந்தாள். அடுப்பில் உலை. எதிரே, கையில் மீன் செதிலோடு ஒருத்தி. யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது: "நான் மடி. அப்பறம் வா."

பச்சையம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போனாள். ஜன்னலுக்குக் கீழே, வெளிப்புறப் பலகையில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். கையை எடுத்தபோது அது நனைந்திருந்தது. அதை அப்படியே முகத்தில் தடவிக்கொண்டு போனாள்.

சுந்தரராமன் விபூதி மணக்கத் திரும்பி வந்தபோது உலை அணைந்து கிடந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எது என்று அவர் கேட்கவில்லை. துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "தெரியும். அதனாலதான் நம்ம கைக்கு எட்டற விலைக்குக் கிடைச்சது. செத்தவா எங்கதான் இல்லை விசாலம்? நான் வரைஞ்ச படத்துல ஊருக்கு ஒரு சுடுகாடு. அதுக்காக யாராவது ஊரை விட்டுட்டுப் போறாளா?"

"அவா தெரிஞ்சு இருக்கா. எனக்கு நீங்க சொல்லலையே. அந்தப் பொண்ணு இருந்த இடத்துல என்னைப் படுக்க வெச்சேளே."

அவள் ஒரு ஜட்கா பிடித்துத் தியாகராய நகருக்குப் போய்விட்டாள்.

அண்ணா வீடு பெரிது. கூடத்தில் மின்சார விசிறி. அண்ணா பிள்ளைகள், மாட்டுப்பெண்கள், பேரக் குழந்தைகள். எல்லாரும் அவளிடம் மரியாதையாக இருந்தார்கள். ஆனால் கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தால், தூணைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போனார்கள். பேச்சு அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. "அத்தை எப்ப வந்தா?" என்று ஒரு பையன் கேட்டபோது அவள் அங்கே வந்து பத்து நாளாகியிருந்தது.

அந்த வீட்டில் அவள் யாருக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கவில்லை. அகலமான நடை. கையை வீசிக்கொண்டு போகலாம். போகும்போதெல்லாம் ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. இது பைத்தியத்தின் ஆரம்பமோ என்று பயந்தாள். கண்ணை மூடினால், ஈரக் கையை முகத்தில் தடவிக்கொண்ட அந்தப் பொம்பிளை வந்து நின்றாள்.

ஒரு மத்தியானம் இனாயத் வந்து, உள்ளே வராமல் வாசல் கேட்டில் நின்றான்.

"அம்மா, சாமி வண்டிக்குள்ளயே போறதில்ல. மரத்தடில குந்திக்கினு கீறாரு. ஓட்டல்ல சாப்புடறாரு. இப்டியே போனா படுத்துடுவாரு."

"நீயும் எங்கிட்ட மறைச்சுட்டே, இனாயத்."

"மறச்சேன்மா. தப்புதான்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வண்டிய ஏரிலேருந்து தூக்கியாந்து எங்கொட்டாயிலதான் போட்டாங்க. ஒடச்சு வெறகாக்கிடுன்னாங்க. அந்த வண்டில கண்டக்டரா இருந்த ஷரீஃபு நம்ம தோஸ்து. சின்ன வயசுலேருந்து. படிக்கட்டுல நின்னுக்கினே போவான், உள்ள குந்தவே மாட்டான். அந்தப் படிக்கட்ட எப்டிம்மா நான் ஒடைப்பேன்? நல்ல மன்சங்க யாராவது எடுத்துக்கினு போவட்டும்னு இருந்தேன்."

அவள் அன்றே திரும்பினாள்.

சுந்தரராமன் உண்மையிலேயே புளியமரத்தடியில்தான் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரே ஆரம்பித்தார்.

"கண்ணாடியை ஏன் திருப்பினேன்னு கேட்டியே. அதுல ஒருத்தரும் தெரியலை, விசாலம். தெரிஞ்சாக்கூட மனசைத் தேத்திண்டுடுவேன். பெஞ்சு காலியா இருக்கு. ஆனா பிரேக் போட்டா, வண்டி நெறைய ஆள் ஏத்திண்டு வர பஸ் மாதிரி தள்ளிண்டு போய்த்தான் நிக்கறது. மேட்டுல ஏறறபோது அத்தனை பேர் கனமும் என் காலுக்குத் தெரியறது. இனாயத் எஞ்சினைப் பிரிச்சுப் பாத்துட்டான். ஒரு கோளாறும் இல்லைங்கறான்."

அவளும் சொன்னாள், நடைவழியில் தான் ஒதுங்குவதை. ஒரு வருஷமாக இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துவைத்தது ஒன்றேதான் என்று அப்போது தெரிந்தது.

"அப்போ இருக்கா" என்றாள் விசாலாக்ஷி.

மறுநாள் காலையில் சமையலையும் சாப்பாட்டையும் சீக்கிரம் முடித்துக்கொண்டாள். இடதுபக்கப் பெஞ்சிலிருந்து படுக்கையை எடுத்துவிட்டு, பலகையை அலம்பித் துடைத்தாள். பிறகு தானே குப்பத்துக்கு நடந்துபோய்ப் பச்சையம்மாவைக் கூட்டிவந்தாள். மடியை அன்றோடு விட்டாள் என்று சொல்ல முடியாது. திரைக்கு அப்பால் கடைசிவரை அவள் உயிரோடிருக்கிற யாரையும் விட்டதில்லை. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் பச்சையம்மா ஏறி, ஜன்னலோரத்துக்குப் பக்கத்தில், அந்த ஈர இடத்தை விட்டு, ஒட்டி உட்கார்ந்தாள். வாய்விட்டு அழவில்லை. மார்க்கெட் சமாசாரம், யார் வீட்டில் என்ன சண்டை, எந்த வலை கிழிந்தது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பேசுவது போலவே இருந்தது. விசாலாக்ஷி வெளியே போய் நின்றுகொண்டாள்.

அதன் பிறகு மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். வண்டி அடையாற்றில் நின்றால் அங்கே. பனகல் பார்க் பக்கம் நின்றால் அங்கே. லஸ்ஸிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர், மனைவி இருந்த இடத்தைத் தேடி வந்தார். அந்த ஆசனம் கழற்றப்பட்டிருந்ததால், தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டுப் போனார். ஷரீஃபின் மனைவி அஸ்மத்துன்னிசா, கறுப்புத் துணிக்குள்ளிருந்து முகம் காட்டாமல், இனாயத்தின் சம்சாரத்தோடு வந்தாள். அவள் உள்ளே ஏறவே இல்லை. படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மேலே வைத்து நின்றாள். போகும்போது விசாலாக்ஷியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். உருது. அர்த்தம் புரியவில்லை, கை சில்லென்றிருந்தது.

விசாலாக்ஷிக்குப் பயம் விட்டுப்போயிற்று. அதற்குப் பதிலாக வந்ததுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏழு பேரின் பெயரும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடைவழியில் ஒதுங்கும்போது இன்னாருக்கு என்று தெரிந்தே ஒதுங்கினாள். சொந்தமாக இழந்தது ஒன்றுமில்லாதவள், அவர்களுடைய துக்கத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம் பச்சையம்மா வந்து படியருகே நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேப்பேன். அய்யா கோச்சிக்கக் கூடாது. அன்னிக்கி வண்டி கயுக்குன்றம் போய்ச் சேந்திச்சி. சாமி பாத்துட்டாங்க. திரும்பி வர்றதுதான் நின்னுபூட்ச்சி. அதனாலதான் இவுங்க வண்டிய வுட்டு எறங்காம கீறாங்க. ஒருதபா அந்த ஏரிலேருந்து எங்கள ஏத்திக்கினு வந்து வூட்டாண்ட வுடுங்க. வந்து சேந்துட்டா எறங்கிடுவாங்க."

சுந்தரராமன் தயங்கினார். "மழைக் காலம். அதே ரோடு. நான் வயசானவன்."

"நீங்க ஓட்டுங்கோ. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள் விசாலாக்ஷி.

அந்த வருஷம் கார்த்திகைச் சோமவாரத்தன்று புறப்பட்டார்கள். இறந்தவர்களின் வீட்டு மனிதர்கள் எல்லாரும் வந்தார்கள். இனாயத் கண்டக்டர் இடத்தில் நின்றுகொண்டான். அவன் பக்கத்தில், உள்ளே, அஸ்மத்துன்னிசா. செங்கல்பட்டுச் சாலையில் அந்த ஏரிக்கரையை அடைந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மழை விட்டிருந்தது. கரையோரம் முழுக்கக் கோரை. தண்ணீர் ரோட்டை எட்டித் தொட்டுக்கொண்டிருந்தது.

அவரவர் இறங்கிக் கரையில் நின்று, தங்களுடையவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பச்சையம்மாவின் குரல்தான் அக்கரை வரை போயிற்று. "முத்தம்மா! வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்!"

மடையைக் காவல் காக்கிற ஒருவர், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இதையெல்லாம் பார்த்து நின்றார். விசாலாக்ஷியின் பக்கம் வந்து மெல்லக் கேட்டார்: "அந்த இன்னொரு ஆளுக்கு யாரும் வரலீங்களா?"

"எந்த ஆள்? ஏழு பேர்தானே?"

"ஏழு பேரு அன்னிக்கே கெடச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு கோரைக்குள்ள ஒருத்தரு இருந்தாரு. குட்டையான மனுசன். காதுல கடுக்கன். போலீசு வந்து பாத்தாங்க. யாரும் தேடிக்கிட்டு வரல. நாங்களே எரிச்சுட்டோம். வழியில எங்கயோ வண்டிய நிறுத்தி ஏறினவரா இருக்கும்."

அவள் ஏரியைப் பார்த்தாள். இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதவர். என்ன பெயர் சொல்வது? வண்டியின் பின்வாசலைத் திறந்துவைத்து, சின்ன பெஞ்சைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"நீங்களும் ஏறிக்கோங்கோ" என்றாள், சத்தமில்லாமல்.

திரும்பும்போது சுந்தரராமன் கண்ணாடியை நேராக்கி வைத்துக்கொண்டார். அது அவளுக்குத் தைரியம் தந்தது. வண்டி மெல்ல, கனமாக வந்தது. பரங்கிமலை தாண்டி, சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறியபோது இனாயத் ஷரீஃபின் ராகத்திலேயே குரல் கொடுத்தான். "சைதாப்பேட்டேய்! எறங்கறவங்க எறங்கு!" இருவர் இறங்கினார்கள். இறங்கியவர்கள் திரும்பி, யாருக்கோ கை நீட்டி இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். லஸ்ஸில் ஜவுளிக்கடைக் கணக்கர். குளக்கரையில் இன்னும் சிலர். விளக்கு வைக்கும் நேரத்தில் குப்பத்து மணலில் வண்டி நின்றது.

பச்சையம்மா எழுந்து, ஜன்னலோரம் பார்த்துச் சொன்னாள்: "எறங்கு கண்ணு. வூடு வந்திட்ச்சி."

வெளியே குப்பத்து ஜனம் பாதை விட்டு இரண்டு பக்கமும் நின்றது. அவள் நடுவே நடந்தாள். பக்கத்தில் இன்னொருவர் நடக்கும் அளவு இடம் விட்டு நடந்தாள்.

"கண்டக்டர் கடைசியிலதான் எறங்கணும்" என்று இனாயத் சொன்னான். அவனும் அஸ்மத்துன்னிசாவும் திருவல்லிக்கேணி வரை வந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் விசாலாக்ஷி பெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பலகை உலர்ந்து கிடந்தது. நடைவழியில் நேராக நடந்தாள். யார்மீதும் இடித்த உணர்வு இல்லை. பின்கோடிக்கு வந்தபோது மட்டும், அந்தச் சின்ன பெஞ்சருகே, கால் தானாக ஒதுங்கியது.

அதற்குப் பிறகு மூன்று வருஷங்கள் அவர்கள் அந்தப் பெயர் தெரியாத மனிதரோடு ஊர் சுற்றினார்கள். ஒவ்வொரு ஊர் வரும்போதும் சுந்தரராமன் வண்டியைத் தணித்து, ஊரின் பெயரைப் பின்னால் கேட்கும்படி உரக்கச் சொன்னார். மதுராந்தகம். அச்சரப்பாக்கம். திண்டிவனம். ரோட்டோரக் குக்கிராமங்களையும் விடவில்லை. விசாலாக்ஷி பின்கதவைத் திறந்து சிறிது நேரம் வைத்திருந்து சாத்துவாள். ஒன்றும் நடக்காது. மேலே போவார்கள். அந்த மனிதர் தொந்தரவில்லாதவர். அவளுக்கு அவரிடம் ஒருவிதப் பழக்கமே வந்துவிட்டது. அடுப்படியில் வேலை செய்துகொண்டே அவரோடு பேசுவாள்.

1939 தையில் ஒரு நாள், விழுப்புரம் தாண்டிப் போகும்போது, சுந்தரராமன் வண்டியை நிறுத்தினார். "விசாலம், வண்டி லேசா இருக்கு."

அவள் பின்னால் போய்ப் பார்த்தாள். கால் ஒதுங்கவில்லை. வெறும் பெஞ்சு.

எங்கே இறங்கினார்? அன்று காலையிலிருந்து நாலைந்து இடங்களில் நின்றிருந்தார்கள்: தண்ணீர் பிடிக்க, சமைக்க, டயருக்குக் காற்றடிக்க. எதிலும் அவள் கவனிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று அழுகை வந்தது. அத்தனை பேர் இறங்கிய நாளில் வராத அழுகை.

வண்டியைத் திருப்பினார்கள். நின்ற இடங்களிலெல்லாம் நின்று, பக்கத்துக் கிராமங்களில் விசாரித்தார்கள். அஞ்சாறு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் வெளியே போய்த் திரும்பாத ஆள் யாராவது உண்டா? குட்டையானவர், கடுக்கன் போட்டவர்? கேட்ட ஊர்களில் இரண்டில், அப்படி ஒருவர் உண்டு என்றார்கள். போய் விசாரித்தால் ஒருவர் நெட்டை. இன்னொருவர் பினாங்கிலிருந்து பணம் அனுப்புகிறவர்.

மூன்றாவது ஊரில் ஒரு கூரை வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெண் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். கேள்வியைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரருதான். மாடு வாங்கிக்கிட்டு வரேன்னு செங்கல்பட்டுப் பக்கம் போனாரு. நீங்க அவரப் பாத்தீங்களா?"

சுந்தரராமன் மனைவியைப் பார்த்தார். குட்டை, கடுக்கன். ஆயிரம் பேருக்குப் பொருந்தும் அடையாளம். இவர்தானா என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. இவர்தான் என்றால், அந்தக் குங்குமம்?

விசாலாக்ஷி அந்தப் பெண்ணின் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். "எங்க வண்டியிலதாம்மா வந்தார். மூணு வருஷம் எங்களோடதான் இருந்தார். இங்கே பக்கத்துல எறங்கிண்டார்."

"நல்லா இருந்தாரா?"

"எங்களுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கலை."

அந்தப் பெண் எதைப் புரிந்துகொண்டாள் என்று விசாலாக்ஷிக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து உள்ளே போய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இவர்கள் குடித்து முடித்ததும், தெருக்கோடி வரை போய் ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டு வந்தாள். பிறகு முறத்தை எடுத்து வேலையைத் தொடர்ந்தாள். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

வண்டியில் ஏறிய பின் சுந்தரராமன், "அப்படிச் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டார்.

"தெரியலை" என்றாள் அவள்.

வண்டி அதன் பிறகு அதிக நாள் ஓடவில்லை. காலியாகப் போகும் பஸ்ஸில் இருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. இனாயத்திடமே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடையாற்றில் ஒரு தோட்டவீட்டின் அவுட்ஹவுஸில் குடியேறினார்கள். பச்சையம்மா கூடையை வெளியே வைத்துவிட்டு எப்போதாவது வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். மகளைப் பற்றிய பேச்சு அநேகமாக வராது. விழுப்புரத்துப் பக்கத்து அந்தக் கூரை வீட்டுக்கு மறுபடி ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று விசாலாக்ஷி அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். ரயிலில் அரை நாள் பிரயாணம்தான். ஆனால் அவள் போகவில்லை.